கொல்லப்பட்டால்தான் பெயரா?

நம் இயக்க நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். ஜூன் 30 மேலவளவு. ஜூலை 23 தாமிரபரணி. செப்டம்பர் 11 இமானுவேல் சேகரன். டிசம்பர் 2 நடூர். டிசம்பர் 6 அண்ணல் அம்பேத்கர். டிசம்பர் 25 வெண்மணி. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கூட்டம், ஒரு சுவரொட்டி, ஒரு முழக்கம் இருக்கிறது. இந்த நாட்களை யாரும் நமக்குச் சும்மா கொடுத்துவிடவில்லை. 2011 செப்டம்பர் 11 அன்று, இமானுவேல் சேகரனின் நினைவு நாளிலேயே, பரமக்குடியில் காவல்துறை நம் மக்களைச் சுட்டுக் கொன்றது. தடையுத்தரவுக்கும் தடியடிக்கும் நடுவில்தான் இந்த நாட்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். ஆகவே இந்த நாட்காட்டியைக் குறை சொல்ல நான் வரவில்லை.

ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். சேரியில் பிறந்த ஒருவர் இந்த நாட்காட்டியில் இடம்பெற வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும்? ஒன்று, தலைவராக வேண்டும். இல்லையென்றால் வெட்டுப்பட்டோ, எரிக்கப்பட்டோ, சுடப்பட்டோ, சுவர் இடிந்து விழுந்தோ சாக வேண்டும். எழுபது வருடம் உயிரோடு இருந்து, உழைத்து, நான்கு பிள்ளைகளை வளர்த்து, ஊரோடு மல்லுக்கட்டி, கடைசியில் படுக்கையில் கிடந்து செத்தவருக்கு நம்மிடம் என்ன இருக்கிறது? ஒரு இரங்கல் சுவரொட்டிகூட இல்லை. அவர் சாவு அவர் வீட்டு விஷயம். முப்பதாம் நாள் முடிந்தால் அதுவும் இல்லை.

வெண்மணியையே எடுத்துக்கொள்வோம். கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்காக, 1968 டிசம்பர் 25 இரவில், ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தப் பெயர்கள் இன்று கல்லில் இருக்கின்றன. நியாயம். ஆனால் அந்த இரவில் தப்பித்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் மறுநாள் காலையில் எழுந்தார்கள். பிணங்களை அடையாளம் காட்டினார்கள். நீதிமன்றத்தில் கூண்டேறிச் சாட்சி சொன்னார்கள். உயர்நீதிமன்றம் மிராசுதாரர்களை விடுவித்த செய்தியையும் கேட்டார்கள். அதன் பிறகும் அதே வயல்களில் இறங்கி நாற்று நட்டார்கள், பிள்ளை பெற்றார்கள், சங்கத்துக்குச் சந்தா கட்டினார்கள், கிழவர்களாகிக் கிழவிகளாகி ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள். எரிந்த 44 பேரைச் சொல்லத் தெரிந்த நமக்கு, அந்த நெருப்புக்குப் பிறகும் ஐம்பது வருடம் வாழ்ந்து காட்டியவர்களில் எத்தனை பேரைச் சொல்லத் தெரியும்? ஒடுக்கப்பட்டவர் எப்படிச் செத்தார் என்பதில் நமக்கு இருக்கும் அக்கறை, எப்படி வாழ்ந்தார் என்பதில் இல்லை. இது நம் அரசியலில் இருக்கும் ஓட்டை.

ஆதிக்க சாதிக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. அவர்கள் வீட்டில் ஒருவர் செத்தால் விடிவதற்குள் பேருந்து நிலையத்தில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் நிற்கும். நாளிதழில் பணம் கட்டிக் கட்டம் போடுவார்கள். முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர், நிலக்கிழார், அரிசி ஆலை அதிபர், இன்னாரின் சம்பந்தி என்று வரிசையாகப் பட்டம் இருக்கும். முதலாம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு, பத்தாம் ஆண்டு என்று அந்த முகம் திரும்பத் திரும்ப வரும். கோவில் மண்டபத்துக் கல்லில், பள்ளிக்கூடத்து மின்விசிறி இறக்கையில், பேருந்து நிழற்குடை நெற்றியில் உபயம் என்று பெயர் இருக்கும். ஊரின் வரலாறு என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி இப்படிச் செத்தவர்களின் குடும்பங்கள் காசு கொடுத்து எழுதிவைத்ததுதான். அந்த மண்டபத்துக்குக் கல் சுமந்தவர் யார், அந்த அரிசி ஆலையில் நெல் அவித்தவர் யார் என்பது எந்தக் கல்லிலும் இருக்காது.

நம் பிள்ளைகளும் இப்போது பிளக்ஸ் வைக்கிறார்கள். பக்கத்தில் அம்பேத்கர் படம் போட்டு, பெயருக்கு முன் 'அண்ணன்' சேர்த்து, கீழே இருபது நண்பர்களின் முகங்களோடு வைக்கிறார்கள். அதையும் ஊர்க்காரர்கள் இரவோடு இரவாகக் கிழிக்கிறார்கள். பிளக்ஸ் வைக்கும் உரிமைக்காகச் சண்டை போடுவது சரிதான். ஆனால் அந்தப் பிளக்ஸில் இருப்பது ஒரு முகமும் இரண்டு தேதிகளும் மட்டுமே. தோற்றம், மறைவு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறு கோடு. அந்தக் கோடுதான் வாழ்க்கை. அதை நாமும் எழுதுவதில்லை.

அரசு எழுதுகிறதா? பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. 21 நாட்களுக்குள் சாவைப் பதிய வேண்டும். அதன் பேரில் தரப்படும் சான்றிதழில் பெயர், பாலினம், இறந்த தேதி, இறந்த இடம், தாய் தந்தை அல்லது கணவன் பெயர், முகவரி இருக்கும். எதனால் செத்தார் என்பது அந்தச் சான்றிதழில் இருக்காது; சட்டமே அதை வெளியில் கொடுக்கக் கூடாது என்கிறது. வாரிசுச் சான்றிதழ் வாங்கவும் முதியோர் உதவித்தொகையை நிறுத்தவும் குடும்ப அட்டையில் பெயரை நீக்கவும் அந்தத் தாள் போதும். அதற்குமேல் ஒரு மனிதரைப் பற்றி அரசுக்கு எதுவும் தேவைப்படுவதில்லை.

ஊடகம் எழுதுகிறதா? எழுதுகிறது, பிணத்துக்குப் பாதை மறிக்கப்படும்போது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் வழியை அடைத்துவிட்டார்கள் என்று பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து உடலைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள் நம் மக்கள். அந்தக் காணொளியை நாடே பார்த்தது. உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. கயிற்றில் தொங்கிய அந்தப் பாடையை நாம் எல்லோரும் பார்த்தோம். பாடையில் இருந்தவர் யார்? என்ன வேலை செய்தார்? எதற்குச் சிரிப்பார்? யாரோடு சண்டை போட்டார்? யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. நமக்கு அது ஒரு தீண்டாமைச் சம்பவம், பகிர ஒரு காணொளி.

2016 ஜனவரியில் நாகை மாவட்டம் திருநாள்கொண்டச்சேரியில் நடந்தது இன்னும் கொடுமை. பொதுப்பாதை வழியாக உடலைக் கொண்டுபோகலாம் என்று உயர்நீதிமன்றமே உத்தரவிட்டது. காவல்துறை என்ன செய்தது? உத்தரவை நிறைவேற்றுவதற்குப் பதில் தானே உடலைத் தூக்கிக்கொண்டு வேறு வழியில் போய்ப் புதைத்தது. இறந்தவருக்கு ஏறத்தாழ நூறு வயது என்று செய்திகள் சொல்லின. நூறு வயது! கொஞ்சம் நிதானித்து யோசித்துப் பாருங்கள் தோழர்களே. காவிரிப் படுகையில் பண்ணையாள் முறை உச்சத்தில் இருந்த காலத்தில் பிறந்தவர். சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த தலைமுறை. செங்கொடிச் சங்கம் அந்தப் பகுதிக்கு வந்ததைப் பார்த்த வயது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது நடு வயதுக்காரர். வெண்மணி எரிந்தபோது ஐம்பதைத் தாண்டியவர். ஒரு நூற்றாண்டுக் காலத் தஞ்சைச் சேரி வரலாறு அந்த உடம்புக்குள் இருந்தது. அவர் உயிரோடு இருந்தவரை நம்மில் யாரும் போய் உட்கார்ந்து கேட்கவில்லை. பிணமான பிறகு பாதைக்காக வழக்கு நடந்தது. பாதையிலும் தோற்றோம். அவர் கதையையும் இழந்தோம்.

சுடுகாட்டிலும் பாதையிலும் நடப்பது குற்றம் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இடுகாடு சுடுகாடு பற்றித் தனியாகவே சொல்கிறது. ஆனாலும் சாதி வேறுபாடு இல்லாத மயானம் உள்ள ஊர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று தமிழ்நாடு அரசு அறிவிக்க வேண்டியிருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவை மீறாமல் இருப்பதற்குப் பரிசு கொடுக்கும் நிலையில் இருக்கிறது சமூகநீதி மண். மண்ணுக்குள் போகும் உடம்புக்காக இவ்வளவு போராட வேண்டியிருக்கும்போது, அந்த உடம்பு வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றிப் பேச நமக்கு நேரம் கிடைப்பதில்லை. சாதி இதைத்தான் விரும்புகிறது. நம்மைப் பிணத்தோடு நிறுத்திவைக்க விரும்புகிறது.

இது வெறும் உணர்ச்சிப் பிரச்சினையாக உங்களுக்குத் தோன்றினால், நிலத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

முனைவர் பட்ட ஆய்வுக்காகச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிச் சேரிகளில் மூன்று ஆண்டுகளாக அலைகிறேன். பஞ்சமி நிலம்தான் என் ஆய்வு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் அன்றைய சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவிட்டது. முதல் பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குள்தான் கைமாற வேண்டும், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள்.

இந்த நிலம் எங்கே இருக்கிறது என்பதற்குப் பழைய பதிவேடு சாட்சி. பல இடங்களில் அந்தப் பக்கம் கிழிந்திருக்கும், இல்லையென்றால் 'பார்வைக்குக் கிடைக்கவில்லை' என்று பதில் வரும். யு.டி.ஆர். என்று நாம் சொல்லும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டின்போது பட்டாக்கள் கைமாறியதும் நடந்திருக்கிறது. அப்போது மிச்சமிருக்கும் சாட்சி கிழவர்களும் கிழவிகளும்தான். 'இந்தப் பனைமரத்திலிருந்து அந்த ஓடை வரைக்கும் டி.சி. நிலம், எங்க அப்பா ஏர் ஓட்டுனது, மகள் கல்யாணத்துக்கு வாங்குன கடனுக்கு நாயுடு எழுதி வாங்கிக்கிட்டாரு' என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள் மட்டும்தான். பழைய சர்வே எண் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் எந்த வருஷத்துப் புயலில் எந்த மரம் விழுந்தது, எந்தக் கிணறு யார் காலத்தில் தூர்ந்தது என்று தெரியும். அதை வைத்துப் பழைய வரைபடத்தில் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

நான் முதல் சுற்றில் பேசியவர்களில் ஏழு பேர் இப்போது இல்லை. இவர்களில் ஒருவர் சாவும் எந்த இயக்க இதழிலும் வரவில்லை. ஒரு பெரியவர் செத்தபோது அவரோடு சேர்ந்து ஒரு ஊரின் முழு எல்லையும் போனது. அவருக்குப் பிறகு அந்தத் தெருவில் அந்தப் பழைய ஓடை எங்கே ஓடியது என்று காட்டக்கூடியவர் யாரும் இல்லை. ஓடை இருந்த இடத்தில் இப்போது வீட்டுமனைக் கல் நட்டிருக்கிறார்கள். நாம் நினைவேந்தல் எழுதாமல் விட்டதால் யாருக்கு லாபம் என்பது அந்தக் கல்லைப் பார்த்தால் தெரியும்.

நிலம் மட்டும்தானா? ஒரே ஒரு சேரியில் கடந்த இரண்டு ஆண்டுகளில் செத்தவர்களில் நான்கு பேரைச் சொல்கிறேன்.

ஒருவர் மருத்துவச்சி. ஆஸ்பத்திரிக்குப் போகும் பழக்கம் வருவதற்கு முன்பு சேரியிலும் ஊர்த்தெருவிலும் பிள்ளைகளைப் பூமிக்கு இறக்கியவர். ஊர்த்தெருவில் அவரைக் கொல்லைப்புற வாசல் வழியாகத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளை வெளியே வரும்வரை அவர் கை வேண்டும். குளிப்பாட்டித் துணியில் சுற்றிய பிறகு அதே பிள்ளையை அவர் தொடக் கூடாது. அவர் கையில் பிறந்தவர்கள்தான் பின்னாளில் சேரிக்குள் கல் எறிந்தார்கள். 'எறிஞ்சவன்ல பாதிப்பேருக்குத் தொப்புள் கொடி அறுத்தது நான்தான்' என்று சொல்லிச் சிரிப்பார்.

இன்னொருவர் பறையைக் கீழே வைத்தவர். முப்பது வருடத்துக்கு முன்பு, ஊர்த்தெருச் சாவுக்கு இனி அடிக்க மாட்டோம் என்று நான்கு இளைஞர்களோடு சேர்ந்து முடிவெடுத்தார். ஊர் அவர்களுக்கு வேலை கொடுக்கவில்லை, கடையில் சாமான் கொடுக்கவில்லை. ஐந்து மாதம் பக்கத்து ஊருக்கு நடந்துபோய் அரிசி வாங்கிவந்தார்கள். அந்தப் போராட்டத்துக்கு எந்தத் தலைவரும் வரவில்லை, எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. ஆனால் அந்த ஊரில் இன்றுவரை யாரும் சாவுக்கு அடிக்கப் போவதில்லை. சாதி ஒழிப்பில் ஒரு அங்குலம் முன்னேறியிருக்கிறோம் என்றால் இப்படித்தான் முன்னேறியிருக்கிறோம்.

மூன்றாமவர் சத்துணவு மையத்தில் சமைத்த அம்மா. அவர் வேலைக்குச் சேர்ந்த வாரம் ஊர்த்தெருப் பிள்ளைகள் பாதிப்பேர் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர் வேலையை விடவில்லை, மாறுதலும் கேட்கவில்லை. தினமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அளந்து சமைத்தார். பசி சாதியைவிடப் பெரியது என்று அவருக்குத் தெரியும். ஒன்றரை வருடத்தில் எல்லாத் தட்டும் திரும்பி வந்தன.

நான்காமவருக்கு 34 வயது. லாரியில் கிளீனர். குடித்துக் குடித்து ஈரல் கெட்டுச் செத்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். அவன் பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவன் என்பதும், கல்லூரிக்குப் பணம் கட்ட முடியாமல் லாரி ஏறியவன் என்பதும், மனைவியை அடித்தான் என்பதும் உண்மை. மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அவனைப் பற்றிச் சொன்னதாக ஆகும்.

பெயர்களை ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். பெயர் வேண்டும் என்று வாதாடும் கட்டுரையில் பெயர் இல்லாதது உறுத்தத்தான் செய்யும். அந்தப் பெயர்கள் அந்தக் குடும்பங்களுக்குச் சொந்தமானவை. அவர்களிடம் கேட்டு எழுதி, அவர்கள் முன்னால் படித்துக் காட்டி, 'இது சரி, இதை எடுத்துவிடு' என்று அவர்கள் சொன்ன பிறகுதான் வெளியே வர வேண்டும். ஆய்வு என்ற பெயரில் சேரிக்குள் வந்துபோகும் எங்கள் கூட்டத்துக்கு இந்த ஒழுக்கம் கொஞ்சம் குறைவு. 'தகவலாளி 14, பெண், வயது 72, பட்டியலினம்' என்று எழுதிப் பட்டம் வாங்கிவிடுகிறோம். அடையாளத்தை மறைப்பது ஆய்வு நெறி என்கிறார்கள். ஆபத்து இருக்கும் இடத்தில் மறைக்கத்தான் வேண்டும், சரி. ஆனால் என் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்கிற கிழவியையும் எண்ணாக மாற்றுவது என்ன நெறி? ஒரு எண்ணாகவே வாழ்ந்தவரைச் செத்த பிறகும் எண்ணாக வைத்திருப்பதை நான் நெறி என்று ஏற்கத் தயாரில்லை.

ஒரு காலத்தில் நம்மிடம் இதற்கு ஒரு வழி இருந்தது. ஒப்பாரி. செத்தவரின் மார்புக்கு நேரே உட்கார்ந்து, அவர் எங்கிருந்து வந்தார், எந்த வயலில் எத்தனை கட்டு சுமந்தார், யார் அவரை ஏமாற்றினார்கள், மாமியார் என்ன செய்தாள், பண்ணை என்ன செய்தது என்று பெண்கள் ஒன்றுவிடாமல் பாடினார்கள். அது அழுகை மட்டும் கிடையாது. அதில் கணக்கும் வழக்கும் இருந்தன. உயிரோடு இருக்கும்போது சொல்ல முடியாத குற்றச்சாட்டைச் சாவு வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்ல அந்தப் பெண்களுக்கு ஒப்பாரி இடம் கொடுத்தது. சினிமா அதைக் கேலிப் பொருளாக்கியது. படித்த பிள்ளைகள் நாம் வெட்கப்பட்டு நிறுத்தினோம். நாட்டார் வழக்காற்று அறிஞர்கள் அதைத் தொகுத்தார்கள். பாடியவர் பெயரும் ஊரும் இருக்கும். யாருக்காகப் பாடினார், செத்தவர் யார் என்பது பெரும்பாலும் இருக்காது. பாட்டு இலக்கியமாகிவிட்டது. பாட்டில் வாழ்ந்தவர் காணாமல் போய்விட்டார்.

இன்னொரு பக்கம் நடுகல் பெருமை பேசுகிறோம். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. ஆநிரை கவரும் பூசலில் செத்த ஒருவனின் பெயரும் அதில் ஒன்றில் இருக்கிறது. மன்னன் இல்லாத ஒருவனுக்குக் கல்லும் எழுத்தும் கிடைத்த காலம் என்று மகிழலாம்தான். ஆனால் நடுகல்லின் விதியைக் கவனியுங்கள். சண்டையில் செத்தால் கல் உண்டு. நாற்று நட்டுச் செத்தால், பிள்ளை பெற்றுச் செத்தால் கல் இல்லை. இரண்டாயிரம் வருடத்துக்குப் பிறகு நம் இயக்க நாட்காட்டியும் அதே விதியில்தான் இயங்குகிறது. அதனால்தான் அதில் பெண்கள் இவ்வளவு குறைவு.

இதற்கு வரும் எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். தோழர்களிடமே கேட்டிருக்கிறேன்.

முதலாவது, 'அமைப்பைத்தான் எதிர்க்க வேண்டும், தனிமனிதர் கதை நடுத்தர வர்க்கத்து ஏக்கம்' என்பது. அமைப்பு வானத்தில் இல்லை. மருத்துவச்சி நுழைந்த கொல்லைப்புற வாசலில் இருக்கிறது. கிளீனர் ஏறிய லாரிப் படியில் இருக்கிறது. கழிவுநீர்த் தொட்டிச் சாவுக்கு 2014இல் 10 லட்சம், 2023இல் 30 லட்சம் என்று உச்சநீதிமன்றம் இழப்பீடு நிர்ணயித்தது. 2014 வழக்கு நின்றது எதனால்? செத்தவர் யார், எந்தத் தொட்டியில், எந்த நாளில் என்று ஒவ்வொரு வீடாகப் போய்ப் பட்டியல் எடுத்த துப்புரவுத் தொழிலாளர் இயக்கத்தின் உழைப்பால். பெயர் இல்லாமல் வழக்கு இல்லை.

இரண்டாவது, 'இதெல்லாம் சுயசாதிப் பெருமையில் போய் முடியும்' என்பது. முடியலாம். ஆகவேதான் உண்மையை எழுத வேண்டும் என்கிறேன். மனைவியை அடித்ததையும் எழுதுங்கள். சேரிக்குள் இருக்கும் சாதியையும் எழுதுங்கள். நம் சாவுகளுக்கெல்லாம் துணி வெளுத்து, மாத்துக் கட்டி, சடங்கு செய்த புதிரை வண்ணார் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், பாடை தூக்க நம் தெருவிலிருந்து எத்தனை பேர் போகிறோம்? ஒரு ஊருக்கு ஒரு வீடு, இரண்டு வீடு என்று இருக்கும் அவர்களுக்குத் தோள் கொடுக்காத நாம், ஊர்க்காரன் பாதை தரவில்லை என்று பேசும்போது குரல் கொஞ்சம் கம்ம வேண்டும். அவர்கள் வீட்டுக் கிழவியின் வாழ்க்கையை முதலில் எழுதுங்கள். சுயசாதிப் பெருமை அங்கேயே செத்துவிடும்.

மூன்றாவது, 'யார் படிப்பார்கள்' என்பது. 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியபோதும் இதையே கேட்டிருப்பார்கள். அந்த இதழ்களைச் சாதாரணக் குடும்பங்கள் பெட்டியில் பூட்டிக் காப்பாற்றி வைத்திருந்ததால்தான், அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தேடித் தேடிச் சேர்த்ததால்தான், 1999இல் அவர் எழுத்துகள் தொகுதிகளாக வெளிவந்து தமிழ்நாட்டு வரலாற்றையே திருப்பிப் போட்டன. எண்பது வருடத்துக்கு மேல் கழித்துப் படிக்க ஆள் வந்தது. நாளைக்கு யார் தேடுவார்கள் என்பது நமக்குத் தெரியாது. தேடும்போது கிடைக்க வேண்டும் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்து, நம் வாழ்க்கையை நாமே எழுதலாம் என்று காட்டியது. ஆனால் எழுதத் தெரிந்தவர்தான் தன்வரலாறு எழுத முடியும். எழுதத் தெரியாதவருக்கு எழுதுவது எழுதத் தெரிந்த நம் பொறுப்பு.

ஆகவே ஒரு வேலைத்திட்டம் சொல்கிறேன். பெரிய நிதி வேண்டாம், அலுவலகம் வேண்டாம். உங்கள் ஊரில் அம்பேத்கர் படிப்பகமோ இரவுப் பாடசாலையோ இருக்கும். ஒரு நீள நோட்டு வாங்குங்கள். தெருவில் யார் செத்தாலும் பதினாறாம் நாள் காரியத்துக்கும் முப்பதாம் நாளுக்கும் இடையில் அந்த வீட்டில் போய் உட்காருங்கள். முதலில் பெண்களிடம் கேளுங்கள். பிறந்த ஊர் எது, என்னென்ன வேலை செய்தார், என்ன கூலி வாங்கினார், யாரிடம் கடன்பட்டிருந்தார், எந்த நிலத்தை உழுதார், அந்த நிலம் இப்போது யாரிடம் இருக்கிறது, எந்தச் சண்டையில் நின்றார், எதில் ஒதுங்கினார், கடைசியில் எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணி நேரம் அலைந்தார், என்ன பாட்டுப் பாடுவார், அவர் சமையலில் எது பேர்போனது. எழுதியதை வீட்டில் படித்துக் காட்டுங்கள். நோட்டில் ஒரு படி, அந்த வீட்டில் ஒரு படி, உங்கள் கைப்பேசியில் ஒரு புகைப்படம். வெளியிடலாம் என்று அவர்கள் சொன்னால் மட்டும் வெளியிடுங்கள். ஏப்ரல் 14 அன்று படிப்பகத்தில் தலைவர்கள் பேசி முடித்த பிறகு, அந்த வருடம் செத்தவர்களின் பக்கங்களை அவர்களின் பேரப் பிள்ளைகளை விட்டே படிக்கச் சொல்லுங்கள்.

உயிரோடு இருப்பவர்களிடம் இப்போதே கேட்பது இன்னும் நல்லது. எழுபது தாண்டியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் சிலர் இருக்கிறார்கள். பஞ்சமி நிலத்தின் கடைசி எல்லைக் கற்கள் அவர்கள்தான். அடுத்த மழைக்காலத்துக்குள் அவர்களில் சிலர் இருக்க மாட்டார்கள்.

சாதி நம்மைக் கும்பலாகப் பார்க்கிறது. 'காலனிக்காரங்க' என்கிறது. ஒரு பெயர், ஒரு குணம், ஒரு வரலாறு தனித்தனியாக உண்டு என்பதை அது ஒருபோதும் ஒப்புக்கொள்ளாது. கொல்லும்போதும் 'சேரி ஆளுங்க நாலு பேர்' என்றுதான் சொல்லும். கொல்லப்பட்டவரின் பெயரை நாம் கல்லில் வெட்டியது அதற்கு எதிரான முதல் வேலை. கொலைக்குத் தப்பி, கூலிக்குப் போய், பிள்ளையைப் படிக்கவைத்து, அந்தப் பிள்ளையை இந்தக் கட்டுரையை வாசிக்கும் இடம்வரை கொண்டுவந்துவிட்டுச் செத்தவரின் பெயரை எழுதுவது இரண்டாவது வேலை. அது இன்னும் தொடங்கவே இல்லை. நோட்டை இந்த ஞாயிற்றுக்கிழமையே வாங்குங்கள்.